குதிரை வண்டியில் வரும் மன்னிப்பு

குதிரை வண்டியில் பயணிக்கும் கிறிஸ்தவப் பிரிவினரான ஆமிஷ் மக்கள் கேமரா முன் முகம் காட்டி நிற்கமாட்டார்கள். விக்கிரகம் செய்யாதே என்ற கட்டளை ஒரு காரணம். தன்னை முன்னிறுத்திக்கொள்ளக் கூடாது என்ற பணிவு இன்னொரு காரணம். ஆனால் அமெரிக்கக் கடைகளில் அவர்களைப் பற்றிய நாவல்கள் அடுக்கியிருக்கும் தட்டைப் பார்த்தால் அட்டைக்கு அட்டை ஒரு முகம் தெரியும். வெள்ளைத் துணித் தொப்பி, முடிச்சுப் போடாமல் தொங்கும் நாடா, பூசியதே தெரியாத அளவுக்கு ஒப்பனை பூசிய இளம்பெண், பின்னால் வயல், வயலோரம் ஒரு குதிரை வண்டி. அந்தப் பெண் விளம்பர மாடல். புத்தகத்தை எழுதியவர் அநேகமாக ஆமிஷ் அல்ல. வாங்குகிறவரும் பெரும்பாலும் சுவிசேஷ சபையைச் சேர்ந்த, கார் ஓட்டுகிற, கைபேசி வைத்திருக்கிற பெண்தான்.

‘பானெட்’ நாவல்கள் என்று தொப்பியின் பெயராலேயே இவற்றைப் பாதி கேலியாகவும் பாதி பிரியமாகவும் அழைக்கிறார்கள். இதை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்காமல் ஆராய்ந்தவர் வலேரி வீவர்-ஸெர்ச்சர். ஆமிஷுக்கு உறவான மெனனைட் சபையைச் சேர்ந்தவர். 2013-ல் வந்த அவருடைய ‘த்ரில் ஆஃப் த சேஸ்ட்’ நூலின் கணக்குப்படி 2012-ல் மட்டும் சுமார் 85 ஆமிஷ் காதல் நாவல்கள் வெளிவந்தன. அதாவது நான்கு நாளைக்கு ஒன்று. வேகமும் பாலுறவுக் காட்சிகளும் திகட்டிப்போன வாசகர்கள் இங்கே ஒதுங்குகிறார்கள் என்பது அவர் சொல்லும் விளக்கம். சரியான விளக்கம்தான். ஆனால் இந்த நாவல்களில் சிலவற்றையும், அவற்றின் பக்கத்தில் வைக்கத்தக்க வேறு சில கிறிஸ்தவ நாவல்களையும் தொடர்ந்து படித்தபோது எனக்குள் வேறொரு கேள்விதான் நின்றது. எல்லாக் கதைகளும் ஏதோ ஒரு கட்டத்தில் மன்னிப்பில் வந்து நிற்கின்றன. அந்த மன்னிப்புக்கு யார், எவ்வளவு விலை கொடுக்கிறார்கள்?

கிறிஸ்தவ விசுவாசத்தைக் கதையாக்குவது நமக்குப் புதிதல்ல. ஜான் பனியனின் ‘மோட்சப் பிரயாண’த்தை எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்ற காப்பியமாக்கி 1894-ல் வெளியிட்டார். ஆனால் அமெரிக்காவில் இது தனிக் கடை, தனிப் பதிப்பகம், தனி விருது என்று விரிந்த தொழில். 1979-ல் கனடாக்காரரான ஜேனட் ஓக் எழுதிய ‘லவ் கம்ஸ் சாஃப்ட்லி’ என்ற புல்வெளிக் காதல் கதையை மினசோட்டாவின் பெத்தனி ஹவுஸ் வெளியிட்டது. கெட்ட வார்த்தை கிடையாது, படுக்கையறை கிடையாது, ஜெபம் உண்டு. அந்தச் சூத்திரம் பிடித்துக்கொண்டது. 1997-ல் அதே பதிப்பகம் பெவர்லி லூயிஸின் ‘தி ஷன்னிங்’ நாவலைக் கொண்டுவந்தது. பத்து லட்சம் பிரதிகளைத் தாண்டி விற்ற அந்த நாவல்தான் இன்றைய வெள்ளத்துக்கு மடை திறந்தது.

பரணில் கிடந்த சட்டை

‘ஷன்னிங்’ என்றால் சபையிலிருந்து தள்ளிவைப்பது. இதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் வரலாறு வேண்டும். 1525-ல் சூரிச் நகரில் சிலர், குழந்தைக்குக் கொடுக்கும் ஞானஸ்நானம் செல்லாது, வளர்ந்தவர் தாமே அறிந்து பெறுவதே ஞானஸ்நானம் என்று கிளம்பினார்கள். அவர்களின் வழிவந்தவர்களில் மெனனைட்டுகள் ஒரு பிரிவு. 1693-ல் யாக்கோப் அம்மன் என்பவர், தள்ளிவைக்கப்பட்டவரோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடவும் கூடாது என்று கடுமை காட்டியதில் சபை பிளந்தது. அவரைப் பின்பற்றியவர்களே ஆமிஷ். இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1700-ல் அம்மனும் கூட்டாளிகளும் தாங்கள் அவசரப்பட்டதை ஒப்புக்கொண்டு, தங்களைத் தாங்களே சபைவிலக்கு செய்துகொண்டு சமாதானம் கேட்டார்கள். சமாதானம் கிடைக்கவில்லை. மன்னிப்புக்குப் பேர்போன ஒரு சமூகத்தின் தொடக்கத்திலேயே கிடைக்காத மன்னிப்பு ஒன்று இருக்கிறது. எந்தக் காதல் நாவலும் அதைத் தொட்டதாக நான் பார்க்கவில்லை.

லூயிஸின் கதைக்கு வருவோம். பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் கவுன்டியில் ஆமிஷ் வீட்டில் வளர்ந்தவள் கேட்டி லாப். சபை ஒப்பாத கிட்டாரைத் திருட்டுத்தனமாக வாசிக்கிறாள். காதலித்த டேன் ஃபிஷர் கடலில் மூழ்கிவிட்டதாகச் சேதி. மனைவியை இழந்த, பிள்ளைகள் உள்ள பிஷப் ஜான் பைலருக்கு அவளை நிச்சயித்திருக்கிறார்கள். கல்யாணம் நெருங்கும் வேளையில் பரணைத் துழாவும்போது ஒரு குழந்தைச் சட்டை கையில் சிக்குகிறது. சாட்டின் துணி. ஆமிஷ் பரணில் சாட்டினுக்கு என்ன வேலை?

இந்த ஒரு சட்டையை வைத்துக்கொண்டு லூயிஸ் கதையை நகர்த்தும் விதம் நல்ல கைவேலை. ஆமிஷ் வீட்டில் துணி வாய்திறந்து பேசும். எந்த நிறம், எத்தனை மடிப்பு, பெண்களின் மேலாடையில் பொத்தானுக்குப் பதில் குண்டூசி என்று எல்லாமே ‘ஓர்ட்னுங்’ எனப்படும் சபை ஒழுங்கு வகுத்தது. மெழுகு விளக்கு, கம்பளிப் போர்வை என்று அடுக்கிக்கொண்டே போகும் எழுத்தாளர்கள் பலர். ஒரு பொருள் ஒரு வீட்டில் ஏன் இருக்கக் கூடாது என்பதைக் கதையாக்கத் தெரிந்தவர்கள் குறைவு. கேட்டி தத்துப்பிள்ளை, பெற்ற தாய் வெளியுலகப் பணக்காரி. பிஷப்புடனான கல்யாணத்தை உதறிவிட்டு வருகிறாள், தள்ளிவைக்கப்படுகிறாள். ஞானஸ்நானம் பெற்று வாக்குக் கொடுத்தவர் அதை மீறினால்தான் இந்தத் தண்டனை. பெறாமலே விலகிப்போன பிள்ளைக்குக் கிடையாது. தள்ளிவைக்கப்பட்டவர் கையிலிருந்து எதையும் வாங்கக் கூடாது. சில வீடுகளில் இரண்டு மேசைகளை ஓர் அங்குல இடைவெளி விட்டுப் போட்டு மேலே ஒரே விரிப்பை விரித்துவிடுவார்கள். சட்டப்படி தனிப் பந்தி. கண்ணுக்கு ஒரே பந்தி. அன்பும் கண்டிப்பும் அந்த ஓர் அங்குலத்தில் படும் பாட்டை வைத்தே ஒரு நாவல் எழுதலாம். லூயிஸ் அந்தப் பக்கம் போகவில்லை.

அவர் போனது சுகமான முடிவை நோக்கி. தொடர் முடிவதற்குள் டேன் உயிரோடு இருப்பது தெரியவருகிறது. காயங்கள் ஆறுகின்றன. கேட்டிக்கு அமைதி கிடைப்பது தனிப்பட்ட இரட்சிப்பின் அனுபவத்தில். இங்கேதான் எழுதியவர் யாரென்பது தெரிந்துவிடுகிறது. ‘நான் இரட்சிக்கப்பட்டேன்’ என்று உறுதியாகச் சொல்வதைப் பழைய வழக்கங்களை விடாத ‘பழைய ஒழுங்கு’ ஆமிஷ் சபையினர் அகந்தையாகவே பார்ப்பார்கள். நம்பிக்கையோடு காத்திருப்பதுதான் அவர்கள் வழக்கம். நாயகிக்கு ஆமிஷ் உடுப்பு, உள்ளே சுவிசேஷ சபை இதயம். லூயிஸின் தாய்வழிப் பாட்டி பழைய ஒழுங்கு மெனனைட் சபையைவிட்டு வெளியே வந்தவர். அந்தக் குடும்பக் கதைதான் நாவலுக்கு விதை. வெளியே வந்தவர்களின் பேத்தி எழுதிய கதை வெளியே வருவதை நியாயப்படுத்துவதில் ஆச்சரியமில்லை.

சுட்டவனின் அடக்கத்துக்குப் போனவர்கள்

2006 அக்டோபர் 2 அன்று லங்காஸ்டர் கவுன்டியின் நிக்கல் மைன்ஸ் என்ற இடத்தில் ஓரறை ஆமிஷ் பள்ளிக்கூடத்துக்குள் ஒருவன் துப்பாக்கியோடு புகுந்தான். பத்துச் சிறுமிகளைச் சுட்டான், ஐந்து பேர் இறந்தார்கள், தன்னையும் சுட்டுக்கொண்டான். சில மணி நேரத்துக்குள் ஆமிஷ் பெரியவர்கள் அவன் வீட்டாரைத் தேடிப் போய் ஆறுதல் சொன்னார்கள். அவனுடைய அடக்கத்துக்கு வந்தவர்களில் பாதிக்கு மேல் ஆமிஷ். பத்தே நாளில் அந்தப் பள்ளிக்கூடத்தை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள்.

உலகம் வியந்தது. ஆமிஷ் என்றாலே மன்னிப்பு என்ற பிம்பம் நிலைத்தது, புத்தகத் தட்டுகளும் நிரம்பின. ஆனால் ஆய்வாளர்களிடம் அந்தப் பெற்றோர் சொன்னது வேறு மாதிரி. மன்னிப்பை அவர்கள் உணர்ச்சியாகப் பார்க்கவில்லை, முடிவாகப் பார்த்தார்கள். எடுத்த முடிவைக் காலையில் எழுந்ததும் மறுபடி எடுக்க வேண்டியிருந்தது. காதல் நாவல்கள் இந்த இரண்டாம் பாதியைக் கைவிட்டு முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டன. கடைசி அத்தியாயத்தில் ஒரு கண்ணீர், ஒரு கட்டியணைப்பு, முடிந்தது.

சின்டி உட்ஸ்மாலை ஓரளவு விலக்காகச் சொல்லலாம். 2006-ல் வந்த ‘வென் த ஹார்ட் க்ரைஸ்’ நாவலில் ஹன்னா லாப் என்ற ஆமிஷ் பெண், மெனனைட் இளைஞன் ஒருவனை மணக்கச் சம்மதித்த அன்றே வழியில் பாலியல் வன்முறைக்கு ஆளாகிறாள். வெளியே சொல்லாதே என்று பெற்றோர் வாயடைக்கிறார்கள். ஊர் அவளையே சந்தேகிக்கிறது. இந்த வகை நாவலில் இதை எழுதத் துணிவு வேண்டும். மௌனம் ஒரு வீட்டை எப்படி அரிக்கிறது என்பதை உட்ஸ்மால் நன்றாகவே காட்டுகிறார். ஆனால் கதை கொதிக்கும்போதெல்லாம் பக்கத்து இருக்கையில் காதல் காத்திருக்கிறது. ஹன்னாவின் கோபம் முழுசாக வெளியே வர விடுவதில்லை.

வைக்கோல் பரணில் ஒரு பொதுக்குழு

அந்தக் கோபத்துக்கு முழு இடம் கொடுத்தவர் மிரியம் டேவ்ஸ். கனடாவின் மனிடோபா மாகாணத்தில் ஸ்டைன்பாக் என்ற மெனனைட் ஊரில் பிறந்தவர். அவருடைய ‘விமன் டாக்கிங்’ (2018) கிறிஸ்தவக் கடைகளின் தட்டில் இருக்காது; இருக்க வேண்டிய புத்தகம் அதுதான்.

பின்னணி உண்மைச் சம்பவம். பொலிவியாவில் மெனனைட்டுகள் வாழும் மனிடோபா காலனியில் 2005 முதல் 2009 வரை நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களும் சிறுமிகளும் இரவில் மயக்கமருந்து தெளிக்கப்பட்டு வன்புணரப்பட்டார்கள். மாடுகளுக்குப் பயன்படுத்தும் மருந்து. காலையில் வலியோடும் ரத்தத்தோடும் எழுந்தவர்களிடம் பிசாசின் வேலை என்றார்கள், கற்பனை என்றார்கள். செய்தவர்கள் காலனியின் ஆண்களே. 2011-ல் ஏழு பேருக்கு 25 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது.

டேவ்ஸ் வன்முறையைக் காட்டவே இல்லை. பிடிபட்டவர்களை ஜாமீனில் எடுக்க ஆண்கள் நகரத்துக்குப் போயிருக்கிறார்கள். திரும்பி வர இரண்டு நாள் ஆகும். வந்ததும் பெண்கள் குற்றவாளிகளை மன்னித்தாக வேண்டும். மன்னிக்காவிட்டால் பரலோகம் கிடையாது என்பது பிஷப்பின் தீர்ப்பு. அந்த இரண்டு நாளில் இரு குடும்பங்களின் எட்டுப் பெண்கள் வைக்கோல் பரணில் ஏறி உட்கார்ந்து பேசுகிறார்கள். ஒன்றும் செய்யாமலிருப்பதா, இங்கேயே இருந்து சண்டை போடுவதா, போய்விடுவதா? யாருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. பள்ளி ஆசிரியர் ஆகஸ்ட் எப் அருகில் உட்கார்ந்து குறிப்பெடுக்கிறார். அந்தக் குறிப்பேடுதான் நாவல்.

பொதுக்குழு நடவடிக்கைக் குறிப்பு வடிவத்தில் நாவலா என்று தயங்க வேண்டாம். கிண்டல் இருக்கிறது, ஒருவரையொருவர் குத்திப் பேசுவது இருக்கிறது, நடுவில் கால் கழுவிவிடுவது இருக்கிறது. கிழவி கிரேட்டா எதைப் பேசினாலும் தன் இரண்டு குதிரைகளான ரூத், செரில் கதைக்கே வருவாள். நாய் பாய்ந்து வந்தால் அவை கூட்டம் போட்டு விவாதிப்பதில்லை, ஓடிவிடுகின்றன என்பாள். நாங்கள் குதிரைகளா என்று இன்னொருத்தி சீறுவாள். இந்தச் சச்சரவுக்கு நடுவே, வன்புணர்வால் கருவுற்றிருக்கும் ஓனா அமைதியாக ஒரு கேள்வி கேட்கிறாள். கட்டாயப்படுத்தி வாங்கிய மன்னிப்பு மன்னிப்பாகுமா? வேதத்தை நம்பாதவர்களின் கேள்வியாக இருந்தால் இதில் சிக்கலே இல்லை. இந்தப் பெண்கள் நம்புகிறார்கள். மன்னிக்க வேண்டும் என்பதையும் நம்புகிறார்கள். தங்கினால் ஒருநாள் கொலை செய்துவிடுவோம், அதனால் போவதே விசுவாசத்துக்கு உகந்தது என்ற இடத்துக்கு அவர்கள் படிப்படியாக வந்து சேர்வது, நான் அண்மையில் படித்த மிக நுட்பமான வேத விசாரணை.

ஒரு குறை உண்டு. ஆகஸ்டின் சொந்தக் கதையும் ஓனாமீது அவனுக்குள்ள காதலும் அவ்வப்போது பெண்களின் பேச்சை மறைக்கின்றன. சாரா பாலி 2022-ல் இதைப் படமாக்கியபோது கதை சொல்லும் குரலை ஒரு சிறுமியிடம் கொடுத்தார். தழுவல் திரைக்கதைக்கான ஆஸ்கர் அவருக்குக் கிடைத்தது. அந்த ஒரு மாற்றத்தில் படம் நாவலை முந்திவிட்டது என்றே நினைக்கிறேன்.

பக்கத்து வீட்டுத் துப்பாக்கி

டேவிட் வில்லியம்ஸ் பிரஸ்பிடீரியன் போதகர். அவருடைய ‘வென் தி இங்கிலிஷ் ஃபால்’ (2017) ஆமிஷ் நாவல்களில் விசித்திரமானது, காதலே கிடையாது. சூரியப் புயல் ஒன்று அமெரிக்காவின் மின்சாரத்தை முழுக்க அணைத்துவிடுகிறது. வானத்தில் வண்ண ஒளி, விழும் விமானங்கள். லங்காஸ்டர் அருகே ஜேக்கப் என்ற ஆமிஷ் தச்சர் தினமும் நாட்குறிப்பு எழுதுகிறார். அவர் வீட்டில் முதல் சில நாட்களுக்குப் பெரிதாக ஒன்றும் மாறுவதில்லை. கிணறு இருக்கிறது, அடுப்பு இருக்கிறது, நிலவறையில் பதப்படுத்திய உணவு இருக்கிறது.

நகரத்தில் பட்டினி. வெளியாரை ஆமிஷ் ‘இங்கிலிஷ்’ என்பார்கள். அந்த வெளியாருக்கு இவர்கள் உணவு கொடுக்கிறார்கள். பிறகு கொள்ளையர் வருகிறார்கள். திருப்பியடிப்பது ஆமிஷ் வழக்கமில்லை. ஆனால் பக்கத்து இங்கிலிஷ் வீட்டுக்காரர்களிடம் துப்பாக்கி இருக்கிறது. இவர்களைக் காக்க அவர்கள் சுடுகிறார்கள். எங்கள் அகிம்சைக்கு இன்னொருவர் கையில் ரத்தம் படிகிறதே என்ற தவிப்பில் சபை ஒரு முடிவெடுக்கிறது: இங்கே இருப்பதே அவர்களைக் கொலைகாரர்கள் ஆக்குகிறது, போய்விடுவோம். ‘விமன் டாக்கிங்’ பெண்கள் வந்து சேர்ந்த அதே முடிவு, வேறு திசையிலிருந்து. மகள் சேடிக்கு வலிப்போடு வரும் தரிசனங்களை நாவல் தேவைக்கு அதிகமாக நம்பியிருப்பது உறுத்துகிறது. மற்றபடி, ஆமிஷ் வாழ்க்கையைப் படம்பிடித்து மாட்டாமல் அதன் கொள்கையைக் கடைசிவரை இழுத்துச் சோதிக்கும் புத்தகம் இது.

ஆமிஷ் மக்களே எழுதுவதில்லையா? லிண்டா பைலர் எழுதுகிறார். பழைய ஒழுங்கு ஆமிஷ் சபையில் இருப்பவர். நாவல்களை நோட்டுப் புத்தகத்தில் கையாலேயே எழுதுகிறார். அவருடைய லிஸி கிளிக் கதைகளில் பரண் ரகசியம் இல்லை, தள்ளிவைப்பு நாடகம் இல்லை. லிஸிக்குப் பசியும் முன்கோபமும் அதிகம். வாய் நீளம். உடன்பிறந்தவர்களோடு சண்டை போட்டு, முறைத்துக்கொண்டு, பிறகு சாப்பிட உட்கார்ந்துவிடுகிறாள். வெளியார் எழுதும் ஆமிஷ் பெண் எந்நேரமும் வயலைப் பார்த்துப் பெருமூச்சு விடுவாள். பைலரின் பெண்ணுக்கு அதற்கு நேரமில்லை. நடை சில இடங்களில் தொய்கிறது. ஆனாலும் இந்தத் தட்டில் பொய்யே இல்லாத புத்தகம் எது என்றால் இதைத்தான் காட்டுவேன்.

‘சின்ன’ தீ

மெர்லின் ராபின்சனை இந்த வரிசையில் வைப்பது சிலருக்கு உவப்பாக இருக்காது. அவர் புலிட்சர் வாங்கியவர், பானெட் நாவல்களின் அருகில் எதற்கு? எதற்கென்றால், அமெரிக்காவில் விசுவாசத்தை வெட்கப்படாமல் எழுதும் மிகச் சிறந்த நாவலாசிரியர் அவர்தான். அவர் எழுதுவதும் இதே மன்னிப்பைத்தான்.

‘கிலியட்’ (2004) 1956-ல் அயோவாவின் ஒரு சிற்றூரில் நடக்கிறது. ஜான் ஏம்ஸ் என்ற 76 வயதுப் போதகர், இதயம் தளர்ந்து சாவை எதிர்பார்த்திருப்பவர், தன் சின்னஞ்சிறு மகன் வளர்ந்தபின் படிப்பதற்காக எழுதும் நீண்ட கடிதம். உயிர்த்தோழர் பாட்டன் என்பவரின் தறுதலை மகன் ஜாக் ஊருக்குத் திரும்பி வருகிறான். ஜாக் இளவயதில் ஓர் ஏழைப் பெண்ணுக்குக் குழந்தை கொடுத்துவிட்டு ஓடியவன். அந்தக் குழந்தை கவனிப்பாரின்றி இறந்தது. வாழ்நாளெல்லாம் மன்னிப்பைப் பிரசங்கம் செய்த ஏம்ஸால் இந்த ஒருவனை மன்னிக்க முடியவில்லை. அவனுக்கு ஞானஸ்நானம் கொடுத்ததே அவர். அவன் தாங்கியிருப்பதும் அவர் பெயரை.

2020-ல் வந்த ‘ஜாக்’ நாவலில் ராபின்சன் எட்டு வருடம் போல பின்னால் போகிறார். செயின்ட் லூயிஸ் நகரம். கல்லறைத் தோட்டத்தில் இரவைக் கழிக்கும் ஜாக்கும், கதவைப் பூட்டிவிட்டதால் உள்ளே அகப்பட்டுக்கொண்ட டெல்லா மைல்ஸ் என்ற கறுப்பின ஆசிரியையும் விடியும்வரை பேசுகிறார்கள். கவிதை, உலகத்தின் முடிவு, அவனுடைய கிழிந்த காலணி. பக்கம் பக்கமாகப் போகும் அந்தப் பேச்சில் பாதியில் பொறுமை இழந்தேன் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் அந்த இரவுக்குப் பிறகுதான் இருவரும் மனத்தளவில் மணந்துகொள்கிறார்கள். மிசூரியில் அவர்களின் மணம் அன்று சட்டப்படி குற்றம். டெல்லாவின் தந்தை மெதடிஸ்ட் பிஷப். அன்பான, உறுதியான மனிதர். அவரும் இதை ஏற்கவில்லை. இங்கே மன்னிக்க வேண்டியவர்கள் எல்லோரும் நல்லவர்கள். அதுதான் கஷ்டம்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் ‘ஜாக்’ முதலிலும் ‘கிலியட்’ பிறகும் படிக்கலாம். வெளிவந்த வரிசைக்கு எதிர்த்திசை. அப்போதுதான் ஜாக் எதற்காக ஊர் திரும்பினான் என்பது தெரிந்தே ஏம்ஸின் சந்தேகத்தைப் படிப்பீர்கள். மனைவியையும் மகனையும் அழைத்து வந்து வாழ இந்த ஊர் விடுமா என்று பார்க்கத்தான் அவன் வந்திருக்கிறான். அயோவாவில் அப்படிப்பட்ட மணத்துக்குச் சட்டத் தடை கிடையாது. அடிமை முறையை எதிர்த்தவர்கள் உருவாக்கிய ஊர். ஏம்ஸின் தாத்தாவே துப்பாக்கி ஏந்திய போதகர். ஆனால் அந்த ஊரில் ஒருகாலத்தில் கறுப்பினத்தவரின் தேவாலயத்துக்கு யாரோ தீ வைத்தார்கள், அந்த மக்கள் ஊரைவிட்டே போய்விட்டார்கள். நல்ல மனிதரான ஏம்ஸ் அதைச் சின்ன தீ என்று ஒரு வரியில் கடந்துவிடுகிறார். ஜாக் அவரிடம் நேராகக் கேட்கும்போது அவரிடம் பதில் இல்லை. பேருந்துக்குக் காத்திருப்பவனின் நெற்றியில் கைவைத்து ஆசீர்வதிக்கிறார். ஜாக் போய்விடுகிறான். அந்தத் தீக்காக ஊர் இன்னும் யாரிடமும் மன்னிப்புக் கேட்டிருக்கவில்லை.